பாதி தோண்டிய குழிகள்

அரைகுறை வேலை என்றால் நாகலிங்கத்துக்கு ஆகவே ஆகாது. சிவகங்கைப் பக்கத்துக்காரர். அபுதாபியின் அல் ஐன் ஊருக்கு வெளியே ஒரு பேரீச்சந்தோட்டத்தில் ஒன்பது வருஷமாக வேலை. வாய்க்காலில் ஒரு சருகு கிடந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது.

2006இல் அவர் ஊருக்கு லீவில் போயிருந்தபோது, தோட்டத்து ஓரம் மணலுக்கடியில் பழைய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. ரோமாபுரிக் கப்பல்கள் மிளகுக்காக நம் கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ பேரீச்சை நட்ட குழிகளாம். சந்திரகலா என்ற சென்னைப் பெண்ணின் தலைமையில் தொல்லியல் குழு வந்தது. ஒவ்வொரு குழியிலும் பாதி மண்ணை எடுத்துவிட்டு, மறுபாதியை ஆராய்ச்சிக்காக அப்படியே விட்டுவைத்தார்கள்.

லீவு முடிந்து வியாழன் இரவு வந்திறங்கிய நம்ம ஆளுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லோருக்கும் விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் பாதி தோண்டிய குழிகளைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சுத்தமாகத் தோண்டி, எருப் போட்டு, ஈரச் சாக்கில் கிடந்த கன்றுகளை நட்டு, தண்ணீரும் விட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

சனிக்கிழமை வந்த சந்திரகலா, வரிசையாக நின்ற கன்றுகளைப் பார்த்ததும் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்து முதலாளியான அர்பாப் கத்தினார். "கலாஸ், முடிந்தது. விசா கேன்சல்."

ஊரில் நாகலிங்கத்தின் மகள் விஜி அவர் அனுப்பும் பணத்தில்தான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. எவனோ சோம்பேறிப்பய பாதியில போட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்."

கண்ணில் நீர் நிற்க, சந்திரகலாவுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

"அந்தச் சோம்பேறி நான்தாங்க" என்றாள். பிறகு அர்பாப் பக்கம் திரும்பி அரபியில் சொன்னாள்: "சுற்றிக் கயிறு கட்டாதது என் தப்பு. இவரை ஒன்றும் செய்யாதீர்கள்."

அர்பாப் முணுமுணுத்துக்கொண்டே வண்டியேறினார். விசா தப்பியது.

அடுத்த வாரம் அவளுடைய மேலதிகாரிகள் வந்து அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அங்கேயும் அவள் தன் தப்பென்றே சொன்னாள். நாகலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. தோண்டியது நான்தான் என்று சொல்ல முன்னால் வந்தார்.

"அண்ணே, நீங்க போய்க் கன்னுக்குத் தண்ணி விடுங்க" என்று அவரைத் தடுத்துவிட்டாள்.

போனார். ஒரு நன்றி சொல்லக்கூட இந்தப் பெண் விடவில்லையே என்று அழுதுகொண்டே தண்ணீர் விட்டார்.