ராணி அன்ரி தண்ணீர் ஊற்றிய செடி

பார்க்டேலில் நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்வளவில், மாடியில் குடியிருக்கும் ஜோர்ஜ் கஞ்சாப் பூக்களைப் பிரித்துப் பார்க்கிறார். தன் புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்காக, சட்டத்துக்கு ஒளித்து வளர்த்தவை. எல்லாப் பூவிலும் விதை.

“என்ன நடந்தது?” என்று வீட்டுக்குச் சொந்தக்காரரான ராணி அன்ரியிடம் கேட்கிறேன்.

“மிளகாய்ப் பாத்தியில தானா ஒரு கண்டு முளைச்சது, தம்பி. இலையைப் பாத்துப் புளிச்சக்கீரை எண்டு நினைச்சுத் தண்ணி ஊத்தினன். பாத்தா அது ஆண் கஞ்சா. அதின்ர மகரந்தம் காத்தில பறந்து எல்லாம் விதை பிடிச்சிட்டுது. இனிப் பூவில மருந்துச் சத்துக் குறைவாம்.”

ஜோர்ஜ் பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். அன்ரி சுளகோடு அவர் எதிரே குந்தி, விதைகளைப் பொறுக்கத் தொடங்குகிறார்.

“பரவாயில்லையாம். இரவில அவர் குமட்டிச் சத்தி எடுக்கிறது கீழ எனக்கெல்லோ கேக்கிறது.”