இருபதடி முகம்

பாகூரில் என் பேனர் கடைக்கு ஒருவர் வந்தார். ஒழுக்கத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர் போன்ற முகம். பழைய நாடகமொன்றைப் படமாக்கியவர்கள் பள்ளிக்கூடம் போகும் பெண்ணைக் கதாநாயகியாக நடிக்க வைத்துவிட்டார்களாம். கண்டனப் பேனர் வேண்டுமாம். படத்தை அவர் பார்க்கவில்லை. போனில் அவள் போட்டோவைக் காட்டும்போதுகூட முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"சின்னப் பொண்ணுப்பா! ஊரே பாக்கற மாதிரி காட்டுவானுங்களா, மானங்கெட்டவனுங்க?"

கொதித்து முடித்ததும் இன்னொரு போட்டோவை நீட்டினார். எட்டாவது படிக்கும் அவருடைய மகள். மஞ்சள் நீராட்டு விழாவாம்.

"இத்த இருபதடில போடு. கூட்ரோட்ல கட்டணும்."

"மூஞ்சிய மறைக்கணுமாண்ணா?" என்றேன்.

"இன்னாப்பா பேசற? பஸ்ல போறவனுக்கெல்லாம் தெரியணும்."

அடித்துக் கொடுத்தேன். கண்டனப் பேனரும் விழாப் பேனரும் கூட்ரோட்டு முச்சந்தியில் ஒரே கம்பத்தில் தொங்குகின்றன. அவர் மகள் தினமும் அதன் கீழேதான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், தலையைக் குனிந்தபடி.