பப்புவா மலையூரில் முதல் விமானம் இறங்கிய நாள்

எங்கள் கொம்பனியில் தெருவேலை தை மாதத்தில் படுத்துவிடும். நிலம் உறைந்தபின் தார் போட முடியாது. ஜெர்மனியில், எசன் நகரில் மற்றவர்கள் அந்த நாட்களில் நன்றாக நித்திரை கொள்வார்கள். நான் 1996 தை மாதம் பப்புவா நியூ கினியா மலைக்குப் போனேன். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

ஏன் அங்கே? என் பெரியம்மாவின் மகன் அமுதன் அண்ணை அங்கே பாதிரியார். மன்னாரில் பிரிந்தபின் நாங்கள் சந்திக்கவே இல்லை. என்னுடைய அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர மற்ற எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று இருந்தது. ஒருநாள் அண்ணை தொலைபேசியில் பிடித்தார்.

"ஊருக்குத்தானே போக ஏலாது? இஞ்ச வா. சனம் மலையில கையால விமான ஓடுபாதை வெட்டுது. நீ தெருப் போடுற ஆள். பார்த்தா விசர் பிடிக்கும் உனக்கு."

விசாவுக்கு மூன்று தடவை டெர்மின், அதாவது முன்பதிவு நேரம் எடுத்து அலைந்தேன். டிக்கெட் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியது. ஃபிராங்க்ஃபுர்ட்டிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து போர்ட் மோர்ஸ்பி, பிறகு உள்ளூர் விமானத்தில் மவுண்ட் ஹேகன். பனிச்சட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கிய என்னைப் பார்த்து அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். தாடி நரைத்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அங்கிருந்து பிக்கப்பின் பின்தட்டில் ஐந்து மணிநேரம். தெரு முடிகிற இடத்திலிருந்து இரண்டு நாள் நடை. (சப்பாத்து விஷயத்தை முதலே சொல்கிறேன்: எசனில் வேலைக்குப் போடும் இரும்பு முனைச் சப்பாத்து அந்தச் சேற்றுக்கு உதவாது. முதல் மணிநேரத்திலேயே நான்கு தடவை விழுந்தேன்.)

இரண்டாம் நாள் காலை ஆற்றங்கரை ஊர் ஒன்றைக் கடந்தோம். கோடரியோடு நின்ற ஆண்கள் எங்களை உற்றுப் பார்த்தார்கள். அண்ணை கைகொடுத்துப் பேசினார், வழி விட்டார்கள். ஊரைத் தாண்டியபின்தான் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் போகும் மேலூருக்கும் இந்த ஊருக்கும் ஒரு வருடமாகச் சண்டை. ஒரு பன்றியில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஆட்கள் செத்துவிட்டார்கள். மேலூர்க்காரர் யாரும் இந்தப் பாதையில் இறங்க முடியாது. வேறு பாதையும் இல்லை.

"அப்ப நோய் வந்த வருத்தக்காரர்?" என்று கேட்டேன்.

"சாகினம்," என்றார். "அதுக்குத்தான் ஓடுபாதை."

பாதை பூட்டிய ஊர் என்றால் என்னவென்று, போர்க்காலத்து மன்னாரிலிருந்து வந்த எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மேலூர் ஒரு மலைமுதுகில் இருக்கிறது. புல் வேய்ந்த நாற்பது வீடுகள், வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டங்கள், கோப்பிச் செடிகள். நடுவில், ஐயோ, அந்த ஓடுபாதை! மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிச் சரியும் சிவப்பு மண், முழுக்க மண்வெட்டியாலும் தடியாலும் வெட்டியது. ஜெர்மனியில் ஆறு இயந்திரம் நிற்கும் வேலை அது. ரோலருக்குப் பதிலாக ஊர் முழுவதும் தோள்கோத்து நின்று பாட்டுப் பாடி மிதித்தது. பையைப் போட்டுவிட்டு நானும் போய் வரிசையில் நின்றேன்.

அடுத்த சில நாட்களும் அதே வேலை. கீழ்முனையில் தண்ணீர் தேங்கியது. பக்கவாய்க்கால் வெட்டுவதில் நான் முழங்காலளவு சேற்றில் நின்றேன். என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷமாக வேலை செய்ததில்லை. பகல் சாப்பாட்டுக்குக் கிழங்கும் கீரையும், வேலை முடிந்தால் சிரிப்பு. என்னோடு வாய்க்கால் வெட்டியவர்களில் அக்னஸ் என்ற பெண் இருந்தாள். மவுண்ட் ஹேகனில் படித்தவள், விடுமுறைக்கு வந்த இடத்தில் சண்டை தொடங்கியதால் மாட்டிக்கொண்டாள். தாதிப் பயிற்சிக்குக் கிடைத்த இடம் போன வருடம் கைவிட்டுப் போயிற்று. அண்ணை மன்றாடி இந்த வருடமும் ஒரு இடம் எடுத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை அவள் பயிற்சிக்குப் போய் நிற்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை சத்தம் கேட்டது. ஊரே வேலியோரம் ஓடியது. சின்ன விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து, இறங்காமல் மேலே எழும்பிப் போய்விட்டது. அது மலையைச் சுற்றித் திரும்பி வந்து கீழ்முனையில் தொட்டது, சேறு தெறித்தது, ஒரு குலுக்கல், பிறகு மேட்டில் ஏறி வந்து நின்றது. அந்த ஆரவாரம் இன்றும் என் காதில் இருக்கிறது. யாரோ என்னைத் தூக்கிவிட்டார்கள். நானும் யாரையோ தூக்கினேன்.

விமானி இறங்கிவந்து தடியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு நான் ஜெர்மனில் வணக்கம் சொன்னேன். மனிதர் திடுக்கிட்டார். ஜெர்மனியில் பீலெஃபெல்ட் ஆள்! நான் எசன் என்றேன்.

"எசனிலிருந்தா? இங்கேயா?" என்று என் முதுகில் அடித்தார். பிறகு முகம் மாறியது. "இறங்கலாம். ஆனால் மண் இன்னும் ஊறியிருக்கிறது. இன்றைக்கு ஒரு ஆள், இரண்டு மூட்டை கோப்பி. அதற்கு மேல் ஏற்ற மாட்டேன். அடுத்த முறை எப்போது என்று மழைதான் சொல்லும்."

அந்த ஒரு இடம் எனக்கென்று முதலே பேசியது. ஞாயிறு போர்ட் மோர்ஸ்பியிலிருந்து என் விமானம். விருந்தாளி போகட்டும் என்று ஊர்ப் பெரியவர்களும் சொன்னார்கள். அக்னஸ் தோளில் நூல்பையோடு தாயின் பக்கத்தில் நின்றாள். பை கட்டியிருந்தது.

"அண்ணை, அவளைப் பாதையால கூட்டிக்கொண்டு போக ஏலாதா?"

"அவளின்ர தமையன் சண்டையில முன்னுக்கு நிண்டவன். நான் துணியமாட்டன்."

"என்னை விடுவினம்தானே?"

"உன்னை விடுவினம்."

"அப்ப நான் நடந்து போறன்."

"பிளைட் போயிடுமடா! உன்ர வேலை?"

"வேலையில நான் கதைக்கிறன். அவளை ஏத்துங்கோ."

அண்ணை ஊர்மொழியில் சொன்னதும் அக்னஸின் தாய் என் இரண்டு கையையும் பிடித்து மண்ணும் கையுமாகத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். விமானம் சரிவில் ஓடி, முனையில் தாழ்ந்து காணாமல் போய், பள்ளத்தாக்கின் மேல் மறுபடி எழும்பியது. தாய் அழுதுகொண்டே ஆடினாள்.

மறுநாள் அண்ணையோடு இறங்கினேன். ஆற்றங்கரை ஊரில் அதே ஆண்கள் வழியை மறித்தார்கள். அவர்களில் மூத்தவர் அண்ணையிடம் ஏதோ கேட்டார், பிறகு மலையைக் காட்டினார்.

"என்ன கேக்கிறார்?"

"விமானம் இறங்கினதைப் பார்த்தவையாம்," என்றார் அண்ணை மெதுவாக. "தங்கட வருத்தக்காரரையும் ஏத்துமோ எண்டு கேக்கினம்."

எசனில் போர்மான் கத்தினார், இரண்டு வாரச் சம்பளம் வெட்டுப்பட்டது, வேலை போகவில்லை. கோப்பி விலை பிறகு விழுந்தது. மாரியில் ஓடுபாதை இரண்டு தடவை மூடிக்கிடந்தது. அக்னஸ் படித்து முடித்து அதே விமானத்தில் மேலூருக்கே திரும்பினாள். அடுத்த வருடம் ஆற்றங்கரை ஆட்கள் பிள்ளைவலி கண்ட ஒரு பெண்ணைத் தடியில் கட்டிச் சுமந்துகொண்டு மேலே வந்தார்களாம். மேலூரில் ஒருவரும் மறிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மாரியில் போகாதீர்கள், ஆனி ஆடி நல்லது. ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாங்கலாம். மலேரியாக் குளிசை (மாத்திரை) கட்டாயம். திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். மேலே போகும்போது விமானத்தில் போனாலும் இறங்கும்போது நடந்து வாருங்கள். நடந்தால்தான் இரண்டு ஊரையும் பார்க்கலாம்.