கழுத்து மூடிய சட்டை

தடால்!

திரைக்குப் பின்னால், சட்டை போட்டுப் பார்க்கும் அறையில் நாற்காலி கவிழ்ந்தது. "ஐயோ, தலை வெளிய வரலையே!" என்று ஒரு குரல் அலறியது.

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். உள்ளே தவிப்பவர் மாடி வீட்டு டிரைவிங் மாஸ்டர்.

"மாட்டிக்கிட்டான்!" அளவுகோலைத் துப்பாக்கிபோல் ஏந்திக் குதித்தார் அவருடைய மச்சான். பட்டாளத்தில் இருபது வருடம் வெங்காயம் உரித்தவர். "பூனையை விடச் சொல்லுங்க மாப்பிள்ளை! அதுவரைக்கும் இவன் நம்ம கைதி!"

ஆம், பூனை! பிள்ளையில்லாத அந்த வீட்டின் கண்மணி. தையல்காரர் துணி வெட்டும்போது துணிமேலேயே படுத்துக்கொள்ளும் செல்லம். மாடிக்காரர் முதலில் பூந்தொட்டித் தண்ணீரால் தாக்கினார். மூன்று முறை கொடியில் காய்ந்த துணியெல்லாம் சேறானது. பிறகு பூனை காணாமல் போனது. மூன்று நாளாக அதன் குரல் மாடியிலிருந்து கேட்டது. எந்தத் தகப்பன் மனம் தாங்கும்?

"மேல போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று நேற்றே சொன்னாள் மனைவி. "பேச்சாவது, வார்த்தையாவது! அடிச்சாதான் புத்தி வரும்" என்றார் மச்சான். தையல்காரர் மச்சான் பேச்சைக் கேட்டார். மாடிக்காரர் தொளதொளவென்று இருக்கிறதென்று பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்த, தலைவழியாகப் போடும் சட்டையின் கழுத்தையும் இரண்டு கை நுனிகளையும் மூடித் தைத்துவிட்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. முப்பது வருடத்தில் அவர் ஏனோதானோவென்று ஒரு தையல்கூடப் போட்டதில்லை. பழிவாங்கும்போதும் கை கேட்கவில்லை. நெருக்கமாக, இரட்டைத் தையல்!

"மூச்சு முட்டுது சார்!"

அந்தக் குரல் அவர் மனதை உருக்கிவிட்டது. கைதியை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். வெட்டினால் துணி பாழாகுமே! அரை மணி நேர வேலை. பேசாமல் எப்படி இருப்பது?

"எங்க துணி மேல ஏன் தண்ணி ஊத்துனீங்க?" ஒரு தையலைப் பிரித்தபடியே கேட்டார் தையல்காரர்.

"உங்க துணி மேலயா விழுது?" என்றது சட்டை. "நான் எட்டிப் பார்த்ததே இல்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்க பூனையை ஏன் பிடிச்சு வச்சீங்க?"

அதற்குள் தலை வெளியே வந்தது. பிறகு ஒரு கை வந்தது. அந்தக் கை முழுக்க நகக்கீறல்!

"யாரு யாரைப் பிடிச்சு வச்சிருக்கா? என் அலமாரிக்குள்ள நாலு குட்டி போட்டிருக்கு சார்! கிட்டப் போனாலே பிறாண்டுது. மாத்துச் சட்டை எடுக்க விடல. அதான் இதையாவது வாங்கலாம்னு வந்தேன்."

நாலு குட்டி! தையல்காரர் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எதிரியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். மனைவி மருந்து தடவினாள்.

"குட்டிங்க கண்ணு திறக்கட்டும். எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடுங்க. அதுவரைக்கும் தினமும் மேல வாங்க" என்று எழுந்தார் மாஸ்டர். வாசலில் நின்று, மச்சானைக் காட்டினார். "இவரு மட்டும் வேண்டாம். பாலூட்டுற இடம், சத்தம் ஆகாது."

மச்சான் அளவுகோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மாடிக்காரர் படியேறினார். கதவு சாத்திக்கொண்டது.