சின்ன எடைக்கு யோக்கியம்

கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். யாருடைய கைப்பேசியை வாங்கினாலும் முதலில் சட்டை நுனியால் திரையைத் துடைத்து, ஒரே தள்ளாக அடிவரைக்கும் தள்ளிக்கொண்டு போய், எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளில் கண்ணை வைப்பார். "மேல இருக்கறதெல்லாம் தரகன் பேச்சு. விஷயம் கீழதான்யா இருக்கும்" என்பார். கைப்பேசிக்குச் சொந்தக்காரர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

தொழில் என்னவோ மின்தராசு பழுதுபார்ப்பது. காய்கறி மண்டி, பார்சல் ஆபீஸ், பழைய இரும்புக் கிடங்கு என்று எங்கே எடை தப்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இருபது கிலோ இரும்பு எடைக்கல் எப்போதும் குந்தியிருக்கும். அதற்கு இடம்விட்டு விட்டு அவருடைய முழங்கால்கள் அகன்றே போய்விட்டன. இறங்கி நடக்கும்போதும் நடுவில் கல் இருப்பதாகவே நினைத்து நடப்பார். 'தராசண்ணன்' என்று ஊரே கூப்பிடும். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவர் அண்ணன்தான்.

காசு கட்டி ஆடும் கற்பனை லீக்குகளை அவர் சோதிக்க ஆரம்பித்தது எப்படி என்று அவருக்கே சரியாக நினைவில்லை. நாளைக்கு நடக்கப்போகிற கிரிக்கெட் ஆட்டத்துக்கு இன்றைக்கே பதினொரு பேரைப் பொறுக்கி, கட்டணம் கட்டி, அவர்கள் நிஜமாக ஆடுவதற்கேற்பப் புள்ளி வாங்கும் ஆட்டம் அது. தராசண்ணனுக்கு மட்டையும் தெரியாது, பந்தும் தெரியாது. ஆனால் அதில் எது பித்தலாட்டம் என்பதை மோப்பம் பிடிப்பதில் ஆள் கெட்டிக்காரர். சேருகிறவர்கள் கட்டும் மொத்தத்தைவிடப் பரிசு பெரியதாக இருந்தால், "மிச்சத்த அவன் மாமனாரா குடுப்பாரு?" என்று கேட்பார். ஜெயித்த பணத்தை எடுக்க முதலில் வரி கட்டு என்றால் அப்போதே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை, பரிசு வாங்கியவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சவன் பன்னெண்டு பேரு, கட்டைவிரல் ஒண்ணுதான்" என்றார். பன்னிரண்டிலும் அதே தழும்பு. அந்தக் கதை சந்தை முழுக்கப் பரவி அவரைப் பெரிய மனிதராக்கிவிட்டது.

இதற்கெல்லாம் அவர் காசு வாங்கியதில்லை. வாங்கியது பெருமை. நாலு பேர் சுற்றி நின்று, "அண்ணன் பாத்துட்டாரா? அப்ப சரி" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், மருமகளுக்குத் தெரியாமல் இனிப்பு தின்ற மாமியார்போல அதை மறைக்கத் தெரியாமல் தவிப்பார். கடைசிச் சோதனை மட்டும் அவர் சொந்தப் பணத்தில். ஒரு சின்னத் தொகையைப் போட்டு, உடனே திரும்ப எடுத்துப் பார்ப்பார். ஒழுங்காக வந்துவிட்டால் லீக் நல்லது.

அவருடைய மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், பஸ் டிரைவர். நல்ல கனத்த உடம்பு. இடுப்பு மூட்டு தேய்ந்து, கிளட்சை மிதிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்கலாம், தள்ளிப்போட்டால் நடையே சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை தையல் கூடத்தில் ஆயிரக்கணக்கான சீருடைகளுக்குப் பட்டன் வைத்து அதற்கான பணத்தில் நாலில் மூன்று பங்கைச் சேர்த்திருந்தாள். மீதி ஒரு பங்குக்குத்தான் வழி தெரியவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை ஒரு லீக்கைக் காட்டினார்.

"மச்சான், ஆட்டம் எனக்குத் தெரியும். எவன் எப்படி ஆடுவான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஏமாத்துறவன் எவன்னுதான் தெரியாது. அத நீங்க பாத்துச் சொல்லுங்க."

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அண்ணே, நீ சொன்னா சரி. நீ சொல்லலேன்னா வேணாம்" என்றாள்.

இரண்டு நாள் மெனக்கெட்டார். அடிவரி வரைக்கும் படித்தார். பரிசுக் கணக்கு உதைக்கவில்லை. அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டால், ஒரு பெண் கூடப்பிறந்தவள்போலப் பொறுமையாகப் பதில் சொன்னாள். சின்னத் தொகையைப் போட்டு எடுத்தார். நாலே நிமிடத்தில் வந்தது. மறுபடி போட்டார், வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. "பொட்டு வித்தியாசம் இல்ல மாப்ள. தைரியமாப் போடுங்க" என்றார்.

மாப்பிள்ளை, தங்கை சேர்த்திருந்த பணம் முழுவதையும் போட்டார். முழு சீசன் லீக், பெரிய கட்டணம். அவர் நன்றாகவே ஆடினார், அதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் திரையில் இருந்த தொகை இரண்டு ஆபரேஷனுக்குப் போதும். எடுக்கப் போனபோது, முதலில் வரியைக் கட்டுங்கள் என்று செய்தி வந்தது. தராசண்ணன் அந்தச் செய்தியை ஒரு தடவைதான் பார்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அந்தப் பொறுமைசாலிப் பெண்ணின் எண் உபயோகத்தில் இல்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி, "யார் சொல்லிப் போட்டீங்க?" என்று கேட்டார். தராசண்ணன் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டு, "யாரும் சொல்லல சார், நானாத்தான் போட்டேன்" என்றார். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று தராசண்ணன் பிறகு மனைவியிடம் சொல்லி அழுதார்.

இதற்குப் பத்து நாள் கழித்து இரும்புக் கிடங்கில் பெரிய மேடைத் தராசு ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு கிலோ தாங்கும் தராசு. அவர் தன்னுடைய ஒற்றைக் கல்லை வைத்துப் பார்த்தார், இருபது என்று காட்டியது. கிடங்குக்காரருக்கு லாரி காத்திருந்தது. "அதான் சரியாக் காட்டுதேய்யா, ஆள விடு" என்றார்.

"அப்படி விட முடியாது முதலாளி. சின்ன எடைக்கு எல்லாத் தராசும் யோக்கியமாத்தான் நடந்துக்கும். முழுப் பாரத்தையும் ஏத்துனாத்தான் அதோட..."

முப்பது வருடமாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது, தூக்கத்தில்கூடத் தடுமாறாது. அன்றைக்குப் பாதியிலேயே நின்றுபோனது. நாலே நிமிடத்தில் திரும்பி வந்த சின்னத் தொகை, மூன்று தடவையும் ஒழுங்காக வந்த சின்னத் தொகை கண் முன்னால் வந்து நின்றது. அதுவும் இருபது கிலோக் கல்தான். அந்தத் தராசின் மேலேயே உட்கார்ந்தார். கல்லின் இருபதோடு எண் அறுபத்தொன்றைக் கூட்டிக் காட்டியது. "என்னய்யா, உன்னையே எடை போட்டுப் பாக்கறியா?" என்று கிடங்குக்காரர் சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

இப்போதும் கைப்பேசியும் கையுமாக ஆட்கள் வருகிறார்கள். "எனக்குத் தெரியாது" என்று ஒரே பதில்தான். அண்ணனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். கூடுதல் வேலை எடுத்து, மனைவியின் வளையலை விற்று, அவரும் முட்டி மோதிப் பார்க்கிறார். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. டாக்டர் சொன்ன மூன்று மாதம் போய் ஐந்தாவது மாதம் நடக்கிறது.

மாப்பிள்ளை பிடித்து நடந்துகொண்டிருந்த கைத்தடி இப்போது கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. பஸ் கம்பெனியில் இரக்கப்பட்டு, டிப்போவில் உட்கார்ந்தபடி வண்டிகளின் நேரம் குறிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் தினமும் காலையில் தராசண்ணன் போய், மாப்பிள்ளையை முதுகில் சுமந்து கீழே இறக்குகிறார். சாயங்காலம் மறுபடி மேலே ஏற்றுகிறார். ஆளைச் சுமந்தே எடை சொல்லிவிடுகிற மனிதர் அவர். மாதா மாதம் இரண்டு கிலோ குறைந்து வருவது அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்வதில்லை. தங்கை சாப்பாட்டுப் பையை அண்ணனின் தோளுக்கு மேலாக நீட்டிப் புருஷன் கையில் கொடுப்பாள். தெருமுனையில் தலை தெரியும்போதே "அண்ணே" என்று மாடியிலிருந்து கூவுகிறவள், பணம் போனதிலிருந்து அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலமும் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார். கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் கை மெதுவாக முன்னால் நீண்டது. அதில் கைப்பேசி. அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, பளபளவென்று ஒரு புது லீக்.

"மச்சான்... இத ஒரு தடவை பாருங்களேன். விட்டதப் பூராப் புடிச்சிடலாம். நீங்க பாத்துச் சொன்னாப் போதும். அவகிட்டச் சொல்ல வேணாம்."

கையால் தட்டிவிட வழியில்லை. இரண்டு கையும் மாப்பிள்ளையின் தொடைகளைத் தாங்கிக்கொண்டிருந்தன. முகத்தைத் திருப்பினார், கைப்பேசியும் கூடவே திரும்பியது. தராசண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவினார்.