பெரம்பலூருக்கு அனுப்பிய படங்கள்

என் கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வேயராக இருந்தவர். வேலையில் இருந்தவரை திருச்சியைத் தாண்டிப் போகாத மனுஷர், ஓய்வு பெற்ற கையோடு வீட்டைப் பூட்டி என்னையும் அழைத்துக்கொண்டு வடக்கே கிளம்பினார். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். எங்களைத் தேட ஆளில்லை. கட்ச், ராஜஸ்தான், இமாச்சல், அஸ்ஸாம் என்று மாதக்கணக்கில் சுற்றினோம்.

கோயில், கோட்டையைவிடப் பாறைகளைத்தான் அவர் அதிகம் படம் எடுத்தார். பாறையின் உயரம் தெரிய வேண்டும் என்று பக்கத்தில் என்னை நிற்க வைப்பார். சாயங்காலம் லாட்ஜுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்து, அன்றைய படங்களைக் கூடவே கொண்டுவந்திருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றுவார். அது முடியும்வரை சாப்பிட வரமாட்டார். எனக்குப் பசியில் கோபம் வரும். இணையத்தில் போட்டு வைக்கலாமே என்று மகள் சொன்னாள். மலையூர்களில் பேசுவதற்கே சிக்னல் கிடைக்கவில்லை.

இரண்டையும் கூடவே வைத்திருப்பது சரியில்லை என்று கவுகாத்தியில் அவருக்குத் தோன்றியது. ஒன்றைப் பெரம்பலூரில் இருக்கும் தன் தம்பிக்குக் கூரியரில் அனுப்பி, பீரோவில் வைக்கச் சொன்னார். வந்து சேர்ந்துவிட்டதாகத் தம்பியும் போன் செய்தார்.

ஊருக்குத் திரும்பும்போது, ரயிலில் மத்தியானம் இருவரும் கண்ணயர்ந்த நேரத்தில் அவருடைய பை காணாமல் போனது. கேமரா, லேப்டாப், இன்னொரு டிஸ்க் எல்லாம் அதில்தான் இருந்தன. நான் அழுதுவிட்டேன். அவர் பதறவில்லை.

"ஊர்ல ஒண்ணு இருக்குல்ல, அழுவாத" என்றார்.

ரயில்வே போலீஸில் புகார் கொடுக்கும்போதுகூட யாரோ ஒருவருடைய பை போனதுபோலத்தான் பேசினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அரியலூர் வந்த மறுநாளே பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். தம்பி மனைவி பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்து வந்தாள். அதன் மேல் ஒரு ஸ்டுடியோவின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நாங்கள் வடக்கே இருந்தபோது செட்டிகுளம் கோயிலில் அவர்கள் பேரனுக்குக் காதுகுத்து நடந்தது. வீடியோவைப் பதிந்து தர ஸ்டுடியோவில் டிஸ்க் கேட்டிருக்கிறார்கள். இவள் இதைக் கொடுத்திருக்கிறாள். ஸ்டுடியோக்காரர்கள் உள்ளே இருந்ததை அழித்துவிட்டுப் பதிந்து கொடுத்திருக்கிறார்கள்.

"கூரியர்ல வந்த கவரைக்கூட யாரும் பிரிக்கல, பிரிச்சுப் பாத்தா டிஸ்க்கு. நமக்குத்தான் புதுசா வாங்கி அனுப்பியிருக்காருன்னு நெனைச்சிட்டேங்க்கா. இவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள்.

தம்பி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவரைப் பார்க்காமலே, "சரி, அந்த வீடியோவப் போடு, பாப்போம்" என்றார்.

டிவியில் போட்டார்கள். மாமன் மடியில் பிள்ளை வீறிட்டு அழுதது, பந்தி நடந்தது, யார் யாரோ மொய் எழுதினார்கள். கடைசிவரை எழுந்திருக்காமல் பார்த்தார்.

திருச்சியில் ஒரு கடையில் கொடுத்து மீட்கப் பார்த்தோம். கிடைத்த படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டையாக இருந்தன. சிலவற்றில் என் தலை மட்டும் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

தம்பியோடு அவர் சண்டை போடவில்லை. பொங்கலுக்குப் போனோம், அவர்களும் வந்தார்கள். ஆனால் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் "போனோம், வந்தோம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மகள் புதுக் கேமரா வாங்கி அனுப்பினாள். பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

போன மாதம், இமாச்சலில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் வீட்டு அடுப்படியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம். ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நாம எடுத்தது இல்லையே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் அவர் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். எதற்கென்று எனக்கு நினைவு வரவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.