எருசலேமிலிருந்து அணக்கரைக்கு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் பேருந்து பெத்லகேமை விட்டுக் கிளம்பியது. எருசலேம் அங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் சோதனைச் சாவடி உண்டு. துப்பாக்கியோடு ஏறிய வீரர்கள் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் பார்த்த பிறகே இறங்கினார்கள்.

கம்பத்திலிருந்து புறப்பட்டு அது ஐந்தாம் நாள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பங்குகளைச் சேர்ந்த முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தோம். குமுளி வழியாகக் கொச்சிக்குப் போய் விமானம் ஏறி, அம்மானில் இறங்கி, யோர்தானைப் பார்த்துவிட்டு எல்லை கடந்திருந்தோம்.

என் பக்கத்து இருக்கையில் பாக்கியம் அக்கா. நாங்கள் இருவரும் சுருளிப்பட்டியில் பிறந்தவர்கள். நான் கல்யாணமாகிச் சின்னமனூருக்குப் போய்விட்டேன். அக்கா அங்கேயே இருந்து, முழங்கால் ஒத்துழைத்தவரை குமுளி தாண்டி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். அவள் கணவர் அந்தோணி மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆண்டவருடைய கல்லறைக்குள் போய் அவருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவள் இந்தப் பயணத்துக்கு வந்தாள்.

"ஏத்தா ரோசி, கல்லறைக்குள்ள எம்புட்டு நேரம் நிக்க விடுவாக?"

"ஒரு நிமிசந்தானாம்க்கா. தொட்டுக் கும்பிட்டு வெளிய வந்துரணும்."

"போதும்த்தா" என்றாள்.

எட்டு மணிக்குச் சிங்கவாசல் வழியாகப் பழைய நகருக்குள் நுழைந்து, ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்த வழியில் சிலுவைப்பாதையைத் தொடங்கினோம். இருபுறமும் கடைகள், நடுவே தேய்ந்து வழுக்கும் கல்படிகள். மஞ்சள் கொடியைப் பிடித்தபடி வழிகாட்டி முன்னால் போனார். ஒவ்வொரு ஸ்தலத்திலும் நின்று செபித்து, பாடிக்கொண்டே நடந்தோம். ஒன்பதாம் ஸ்தலத்தில் மண்டியிடும்முன் திரும்பிப் பார்த்தபோது அக்காவைக் காணவில்லை.

அவளிடம் போன் இல்லை. கழுத்தில் ஓட்டல் பெயர் எழுதிய அட்டை மட்டும்தான். அதற்குள் எங்கள் குழு கல்லறைக் கோயிலுக்குள் போய் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தது. வரிசை கோயில் வாசல்வரை நீண்டிருந்தது. பதினொரு மணிக்குப் பேருந்து கலிலேயாவுக்குக் கிளம்பியாக வேண்டும்.

"நீங்க நில்லுங்கம்மா, நான் போய்த் தேடுறேன். இப்ப விட்டா உங்களுக்கு இடம் கிடைக்காது" என்றார் எங்கள் பங்குச் சாமியார்.

"எனக்குக் கல்லறை வேணாம் சாமி, எங்கக்கா வேணும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே ஓடினேன்.

எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருந்தது. சிலுவைக் கடை, பாசிமணிக் கடை, ரொட்டிக் கடை. அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டு போன என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு திருப்பத்தில் ஏலக்காய் மணம் முகத்தில் வந்து மோதியது. கால் தானாக நின்றது. பள்ளி விடுமுறைகளில் அக்காவோடு நானும் மலைக்குப் போயிருக்கிறேன். விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவோம். சாயங்காலம் திரும்பும்போது பாவாடை, தலைமுடி, தூக்குச்சட்டி எல்லாம் இந்த மணம்தான்.

அது ஒரு காப்பிக் கடை. இயந்திரத்தில் காப்பிக்கொட்டையோடு ஏலக்காயையும் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி ஓர் இளம்பெண்.

"எங்கக்கா போன? உசிரே போயிருச்சு எனக்கு!"

"கோவிச்சுக்கிறாதத்தா. மணம் வந்துச்சு, ஒரு எட்டு உள்ள வந்தேன். கடைக்காரரு இந்தக் காயைக் காமிச்சு 'ஹேல்'னாக. நம்ம ஏலந்தான்த்தா! திரும்பிப் பாத்தா உங்களக் காணோம். அழுதுக்கிட்டு நின்னேன். இந்தப் புள்ளதான் வந்து, அம்மச்சி எந்தினா கரயுன்னே, ஏன் அழுகுறீகன்னு மலையாளத்துல கேட்டுச்சு."

அந்தப் பெண் ஜின்சி. எருசலேமில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சனிக்கிழமை விடுமுறை என்பதால் பூசைக்கு வந்திருக்கிறாள். அக்காவின் மலையாளம் தோட்டத்தில் கற்றுக்கொண்டது. அதைக் கேட்டதும் ஜின்சி அக்காவின் ஊரை விசாரித்திருக்கிறாள். ஜின்சிக்குச் சொந்த ஊர் குமுளிக்கு அந்தப் பக்கம் அணக்கரை. அக்கா காய் எடுத்த தோட்டத்துக்கு அடுத்த ஊர். வீட்டில் அம்மா மட்டும். பார்த்து நாலு வருடமாகிறது.

ஜின்சியே எங்களைக் கோயிலுக்கு அழைத்து வந்தாள். எங்கள் குழு கல்லறையைத் தரிசித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. வரிசையில் மறுபடி நிற்க நேரமில்லை. நுழைந்ததும் கீழே ஒரு நீண்ட கல் இருக்கிறது. ஆண்டவரின் உடலைக் கிடத்திய கல் என்கிறார்கள். அக்கா அதில் முகம் பதித்து அழுதாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன்.

பேருந்தில் கேட்டேன். "வருத்தமாக்கா?"

"உள்ள போயிருந்தா ஒரு நிமிசம். இங்கன எம்புட்டு நேரம் அழுதாலும் யாரும் எந்திரின்னு சொல்லலயே" என்றாள்.

அதற்கு முன் கோயில் வாசலில் பிரியும்போது ஜின்சி அக்காவின் வலது கையை வெகுநேரம் விடவில்லை. அம்மாவைப் போய்ப் பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்டாள்.

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பினோம். குமுளி போய், அங்கிருந்து அணக்கரைக்குப் பஸ். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அக்கா வழியெல்லாம் சன்னலோரம் தெரிந்த தோட்டங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். இந்த ஓடையில்தான் சோறு தின்போம், அந்த வளைவில்தான் உங்க மாமா எனக்காக ஜீப்பை நிறுத்தச் சொன்னாக என்றாள். அதை அவள் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

ஜின்சியின் அம்மா ஏலியம்மா அடுப்பில் காப்பிக்கு வைத்துவிட்டு எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார். எருசலேமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகள் மெலிந்துவிட்டாளா, முடி கொட்டிவிட்டதா என்றுதான் கேட்டார். நன்றாக இருக்கிறாள், சிரித்த முகமாக இருக்கிறாள் என்று அக்கா மலையாளத்தில் சொல்லி, பிரியும்போது ஜின்சி தன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றதையும் சொன்னாள்.

"ஈ கையாணோ?" என்றார் அவர்.

"இந்தக் கைதான்" என்று அக்கா வலது கையை நீட்டினாள்.

ஏலியம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அக்காவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. இறக்கி வைக்க நான்தான் எழுந்து போனேன்.